விகுதி உதிர்ந்த ஊர்

மேல்காற்று எழும்பி, தேரிக்காட்டின் செம்மண் தூசி உப்பளப் பாத்திகளின் மேல் படிந்து, இந்த வருஷத்து உப்பு கல்யாணப் பெண் மாதிரி சிவந்து கிடக்கிறதே என்று தேரிமுனை ஊரே கேலி பேசிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு காலைப்பொழுதில், எடைமேடை ஆதிலிங்கம் அண்ணாச்சியின் வாயிலிருந்து ஒரு விகுதி உதிர்ந்து விழுந்தது. பல் விழுந்தால் குனிந்து தேடலாம். இது விழுந்த இடம் யாருக்கும் தெரியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். உப்பு லாரி எடைமேடையில் ஏறும்போது, மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வரும் கூலியாட்கள் கீழே இறங்கி நிற்பது வழக்கம். "எறங்குங்கல, ஒங்களயும் சேத்து நிறுத்தா உப்பு எது ஆளு எதுன்னு நான் எப்பிடிப் பிரிக்க?" என்பது அண்ணாச்சி தினமும் சொல்லுகிற வசனம். விற்கிறவனும் வாங்குகிறவனும் ஒருவரையொருவர் நம்பாத ஊரில், இருவரும் நம்பியது அவர் சொல்லுகிற எடையை மட்டும்தான். அன்று வந்த லாரியின் உச்சியில் வெயிலுமுத்து. உப்புத்தண்ணீரில் நின்று நின்று முழங்கால் இரண்டும் இற்றுப்போன உடம்பு. வாய்க்கு மட்டும் மூப்பு கிடையாது. அண்ணாச்சி, பக்கத்தில் ஜெராக்ஸ் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த என்னிடம் திரும்பி, 'வெயிலுமுத்து வந்துட்டான், இனி காது வலிக்கும்' என்று சொல்ல வாயெடுத்தார். வெளியே வந்தது, மாட்டுக்கும் ஆட்டுக்கும் எங்கள் ஊரில் சொல்லுகிற 'வந்துவிட்டது': "வெயிலுமுத்து வந்துட்டு."

லாரி உச்சியிலிருந்து சிரிப்பு. "அண்ணாச்சி, நான் என்ன ஆறரை மணி பஸ்ஸா, வந்துட்டுங்கிய?"

"இல்லவே, வாய் வழுக்கிட்டு," என்றார் அண்ணாச்சி. மறுபடி சொல்லிப் பார்த்தார். "வந்துட்...டு." எச்சிலை விழுங்கிவிட்டுச் சொன்னார். "வந்துட்டு." தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். அதே 'டு'தான், ஆணி அடித்தது மாதிரி. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அண்ணாச்சி குழப்பத்தில் எடையைப் போட்டு அனுப்பிவிட்டார். இறங்கச் சொல்ல மறந்துவிட்டது. வெயிலுமுத்து உப்போடு உப்பாக நிறுக்கப்பட்ட முதல் நாள் அது. மூட்டை மேலிருந்து வந்த பதிலை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்: "எறங்கச் சொல்லாம விட்டியளே, புண்ணியமாப் போவும். முட்டுக்குச் சொகமா இருக்கு."

அளத்துச் சனம் என்று ஊர் சொல்லும் வெயிலுமுத்துவின் கூட்டம் உப்புப் பாத்திகளுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தது. முன்னொரு புயலில் கடல் தின்ற ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வந்த சனம். பேச்சு அதேதான், கும்பிடுகிற சாமியும் அதேதான்; வித்தியாசம் என்று பார்த்தால் உள்ளங்கால் எப்போதும் வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் ஊரில் எல்லார் வாயிலும் அதே கதை. ஊரைப் பற்றிப் பேசினால் வந்தான், வந்தாள், வந்தாவ என்று ஒழுங்காக வருகிறது. அளத்தைப் பற்றி வாயைத் திறந்தால் வந்துட்டு, போயிட்டு, கெடக்கு, நிக்கி. ஆளும் பெண்ணும் கிழமும் எல்லாம் ஒரே 'அது'. பன்மையில் 'அதுக'.

முதல் வாரம் ஊர் இதை ஒரு காய்ச்சல் மாதிரிதான் நடத்தியது. ஆஸ்பத்திரி டாக்டர் வரிசையில் நின்ற நாக்குகளை டார்ச் அடித்துப் பார்த்து எல்லாருக்கும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாக்கு வழிக்கிற கம்பி கடைகளில் தீர்ந்துபோனது. அம்மன் கோயில் உண்டியலில் வெள்ளி நாக்குகள் விழுந்தன, மாதா கோயில் பீடத்தில் மெழுகு நாக்குகள் உருகின. பள்ளிக்கூடத்தில் ஜெயசீலி டீச்சர், "இன்னைக்கி எது வரல்ல?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தான்தானா என்று பதறி, வருகைப்பதிவை மூடிவைத்துவிட்டு அழுதார். வகுப்பிலோ, அளத்துப் பிள்ளைகளின் பேரைக் கூப்பிடக் கூப்பிட, "உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர்" என்ற குரல்கள் வழக்கம்போல எழும்பிக்கொண்டுதான் இருந்தன.

பிறகு ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஊர்க்காரரான அளத்து மேஸ்திரி பால்துரை எழுந்து, எல்லாரும் மனசுக்குள் தேடிக்கொண்டிருந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார்: "நாக்கு செய்யுத வேலைக்கு ஆளு என்னவே செய்வான்?" கூட்டம் பெருமூச்சு விட்டது. இதைவிட நல்ல மருந்து எந்த டாக்டரிடமும் கிடையாது. அன்றோடு வெள்ளி நாக்கு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

அதற்கப்புறம் யாரும் ஒரு கெட்ட காரியமும் செய்யவில்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்ல முடியும். வினைச்சொல் முன்னால் போனது, வினை அதன் பின்னால் போனது. மினிபஸ் கண்டக்டர் ஒருநாள் சீட்டில் உட்கார்ந்திருந்த ஓர் அளத்துக் கிழவியைக் காட்டி, "இது ஆருக்க சாமான்? வழியில இருக்கு" என்று கேட்டான், கேட்டபின் சாமானைச் சீட்டில் வைப்பது சட்டப்படி தப்பு என்று அவனுக்கே தோன்றியது, மறுநாளிலிருந்து அளத்துச் சனத்துக்கு ஸ்டெப்னி டயர் பக்கம்தான் இடம். அளத்தில் வெயிலுக்கு ஒதுங்க ஓர் ஓலைக்கொட்டகை இருந்தது. மழை வந்தால் மூட்டை கரையும், அதுக கரையாது என்று பால்துரை யோசித்தார். யோசித்ததில் தப்பு என்ன இருக்கிறது, கரையாதுதானே. மூட்டைகள் நிழலுக்குப் போயின, சனம் வெயிலுக்கு வந்தது. ஆபீஸ் வாசலில் இருந்த தண்ணீர்ப் பானையைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். "அதுக எங்கனயாவது குடிச்சிக்கிடும்." அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு இயல்பாக வருகிறது. மாட்டைப் பற்றி, காக்கையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி வழுவழுப்பாகிக் கிடக்கிற வாக்கியம். ஆளை அதில் உட்கார்த்தினாலும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

இதில் எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. ஆதிலிங்கம் அண்ணாச்சியின் மனைவி சொர்ணம் மதினி நல்லவர். அளத்துப் பிள்ளைகளுக்குப் பழைய சோற்றைத் தூக்குவாளியில் கொடுத்தனுப்புவார். "பாவம் அதுக, வாயில்லாத சீவன்" என்பார், அந்தப் பிள்ளைகள் வாய் ஓயாமல் கத்திக்கொண்டு ஓடும்போது. அதே மதினிதான் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பேத்தியைப் பார்த்து, "சத்தம் போடாதிய, அது இப்பந்தான் ஒறங்குது" என்பார். அந்த 'அது'வில் தேன் ஒழுகும். அம்மன் கொடையில் சாமி வந்து ஆடும்போதும், "சாமி கேக்குது, சொல்லு" என்றுதான் சொல்கிறோம். குழந்தைக்கும் சாமிக்கும் கொடுத்த சொல்லைத்தானே அளத்துக்கும் கொடுத்தோம் என்று ஊர் கேட்டால் நான் என்ன பதில் சொல்ல? மடியில் வைத்துக்கொள்கிற அதுவும், மிதித்துக்கொண்டு போகிற அதுவும் எங்கே பிரிகின்றன? ரொம்ப நாள் யோசித்தேன். யோசிக்க யோசிக்க, அந்தச் சொல் குளத்தில் போட்ட உப்புக்கல் மாதிரி கையில் இல்லாமல் போனது.

நான் இந்த ஊரில் பிறந்து, மலாய்நாட்டுப் பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, தமிழும் மலாயும் படித்து, தலை நரைக்கத் தொடங்கிய பிறகு திரும்பி வந்தவன். மலாயில் மனிதரை எண்ண ஒரு சொல், விலங்கை எண்ண ஒரு சொல். விலங்குக்கு உரிய சொல்லின் பொருள் வால். மூன்று வால் கோழி, நான்கு வால் ஆடு. எங்கள் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி காலையில் ஆள் எண்ணும்போது, "இன்னிக்கி எத்தன வால்?" என்று கேட்பார், நாங்களும் சிரிப்போம், சிரித்து முடித்து வேலைக்குப் போவோம். கப்பலேறி அங்கே போன எங்கள் ஆட்களுக்கு அதற்கும் முன்பே, வாங்குகிற கூலியின் பேரையே ஆளுக்கும் வைத்துக் கூலி என்று கூப்பிட்டார்கள். பின்னால் படித்தேன், ஒரு நாட்டில் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கரப்பான் என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருந்தார்களாம், இன்னொரு நாட்டில் எலி என்று சுவரொட்டி ஒட்டினார்களாம், வேறொரு கரையில் ஆட்களைக் கப்பலின் அடித்தட்டில் சரக்கு என்று அடுக்கினார்களாம். எல்லா இடத்திலும் முதலில் செத்தது ஒரு சொல், ஆள் அப்புறம். தமிழில் நாம் மனிதரைப் 'பேர்' என்று எண்ணுகிறோம். மூன்று பேர், நான்கு பேர். பேர் என்றால் பேர்தான், ஆளுக்கு ஒன்று. தேரிமுனையில் அந்தச் சொல்லும் அளத்தைவிட்டு நழுவி, 'எத்தன உருப்படி வேலைக்கு நிக்கி' என்று ஆகியிருந்தது.

என் வாயும் ஊர் வாய்தான். பேனாவும் நாக்குக்குத் தம்பிதான் போலிருக்கிறது. இந்தக் கதையிலேயே பாருங்கள், வெயிலுமுத்துவைப் பற்றி, அளத்தைப் பற்றிச் சொல்ல வரும்போதெல்லாம் என் வாக்கியங்கள் சுற்றிக்கொண்டு போய்ச் சந்துவழியாகத் தப்பிக்கின்றன. கடைசியில் வந்து நிற்க வேண்டிய எழுத்து நிற்பதில்லை.

இதில் ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்த பெருமை வெயிலுமுத்துவின் மனைவி பேச்சித்தாய்க்கு உரியது. ரேஷன் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வந்த ஒரு மத்தியானம், எதிரே நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வெடுக்கென்று வந்த கேள்வி இது: "அண்ணாச்சி, எங்கிட்டப் பேசும்போது 'நீ எப்பம் வந்த'ன்னு கேக்கிய. அதுல ஒரு கொறையும் இல்ல. நான் 'வந்தேன்'னு சொன்னாலும் கொறையில்ல. அந்தப் பக்கம் திரும்பி நடையெறங்குனா மட்டும் 'அது போகுது'ங்கிய. நடைக்கும் தெருவுக்கும் நடுவுல நான் எப்பிடி மாடாவுதேன்?"

நான் இலக்கணம் படித்தவன். தன்மைக்கும் முன்னிலைக்கும் திணை கிடையாது, படர்க்கைக்குத்தான் உண்டு என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன். அதை இப்படி யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. "அதுக்கு நான் என்ன செய்யட்டும் தாயி?" என்றேன்.

"ஒங்களால ஆவாது. நாங்க பாத்துக்கிடுதோம். முதுகு காட்டுனாத்தான மாடு? காட்டல்ல."

அப்படியே, என் முகத்தைப் பார்த்தபடியே, பின்னால் கால் வைத்து நடையிறங்கி, தெருவைக் கடந்து, எடைமேடையைத் தாண்டி, கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பின்னோக்கியே நடந்தன அந்தக் கால்கள்.

ஒரு வாரத்தில் அளமே பின்னோக்கி நடந்தது. கடையிலிருந்து, கோயிலிலிருந்து, பள்ளிக்கூடத்திலிருந்து. ஊரில் யாராவது எதிரில் நிற்கும்வரை முகத்தை அவர்கள் பக்கமே வைத்துக்கொண்டு, தலையில் சும்மாடும் கையில் தூக்குவாளியுமாக, பாத்திவரப்பின் மேல் தடுமாறாமல் பின்னோக்கிப் போகும் அந்த வரிசையைச் சாயங்கால வெயிலில் பார்த்தால், யாரோ காலத்தையே திருப்பி ஓட்டுவது போல இருக்கும். எதிரே நிற்கிறவரைப் பற்றி யாரும் படர்க்கையில் பேச முடியாதில்லையா. ஆகவே அந்த நாட்களில் ஊர் கொஞ்சம் வாயடைத்துத்தான் போனது.

ஆனால் ஊர் எதைத்தான் செரிக்காது? அதையும் செரித்தது. வெளியூர் லாரிக்காரர்கள் வாய்பிளந்து பார்த்தால், "அதுக அப்பிடித்தான் நடக்கும், பொறவியிலேயே அப்பிடி" என்று எங்கள் ஆட்கள் விளக்கம் கொடுத்தார்கள். நண்டுகூடப் பக்கவாட்டில் நடக்கிறதே. கொஞ்ச நாளில், நாக்கு வழுக்கியதே இந்த நடையால்தான் என்று ஆகிவிட்டது. "மனுசன் இப்பிடி நடப்பானாவே? நாக்குக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு பாத்தியா!" என்று பால்துரை வியந்தார். முதலில் வந்தது எது, பின்னால் வந்தது எது என்று ஊரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் எல்லாரும் ஒன்றைச் சொல்லும்போது, நம் ஞாபகத்தின் மேலேயே நமக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

இப்படி இருக்கும்போதுதான் அது நடந்தது. அளத்துக்கு உவர்த்தண்ணீர் இறைக்கும் கிணறு ஒன்று உண்டு; கைப்பிடிச்சுவர் இல்லாதது; அடியில் விஷக்காற்று தங்குகிற கிணறு. அதன் பக்கத்தில் நின்று, பம்புசெட்டு நின்றுபோனதற்காகப் பால்துரை வெயிலுமுத்துவைத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டி முடித்து, "போ" என்றார். அவர் முகத்தைப் பார்த்தபடியே, மரியாதையாக, பின்னால் கால் வைத்து ஓரடி. இன்னோரடி. பால்துரை கண்ணெதிரே அந்த முகம் சிரித்த வாக்கில் கீழே போனது.

கயிறு கட்டி உள்ளே இறங்கிய ஓர் அளத்துப் பையன் பிடி நழுவி அடிவரை போய் மயங்கி, மேலே இழுத்துப்போடப்பட்... இல்லை, இழுத்துப்போட நேர்ந்தது. முகமூடி போட்டு இறங்கும் ஆட்கள் வந்தால்தான் ஆகும். கிணற்றின் நடுவில், விஷக்காற்றுக்கு மேலாக, பம்பின் இரும்புச் சட்டத்தில் தொற்றிக்கொண்டிருந்த வெயிலுமுத்துவை நோக்கி மேலிருந்து பேச்சித்தாயின் குரல், "இருக்கியளா?" கீழேயிருந்து, "இருக்கேன்." மறுபடி, "இருக்கியளா?" "இருக்கேன்." ஒவ்வொரு தடவையும் அந்த 'ஏன்' விகுதி கொஞ்சம் தேய்ந்து வந்தது.

பால்துரை எடைமேடைக்கு ஓடிவந்து, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு, பக்கத்து ஊர் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டார்.

"சார், தேரிமுனை அளத்துலேருந்து பேசுதேன். கெணத்துக்குள்ள விழுந்துட்டு."

"எது விழுந்துட்டு?"

"வெயிலுமுத்து."

"பேரெல்லாம் வச்சிருக்கியளா! பசுவா, காளையா?"

"மாடு இல்ல சார்."

"ஆடா? ஆட்டுக்கு வண்டி வராது. நீங்களே கயிறு போட்டுத் தூக்கிருங்க."

"ஆடும் இல்ல சார். அது வந்து..." மனுசன் என்ற சொல்லும் பால்துரையின் நாக்கில் ஏறவில்லை. "அது உப்பு வாரும் சார்."

அந்தப் பக்கம் யோசித்தார்கள். "மெசினா? மெசின் விழுந்தா கம்பெனிக்காரன்ட்டச் சொல்லணும். இங்க எதுக்குவே போன் போடுதீரு?"

இதற்குள், ஒரு கையில் சேலையைச் சுருட்டிப் பிடித்து ஓடிவந்த பேச்சித்தாய் போனைப் பிடுங்கியாகிவிட்டது. "சார், எங்க வீட்டுக்காரவ கெணத்துக்குள்ள விழுந்துட்டாவ. உசுரு இருக்கு. முட்டு ரெண்டும் ஏலாது சார், ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்க மாட்டாவ."

"நீ எந்தத் தெருவும்மா?"

"அளத்துக் குடியிருப்பு."

பிறகு அந்தக் குரல், கோபமில்லாமல், அலுவலாக, "ஊர்க்காரவ ஆராவது இருந்தாக் குடும்மா. ஒரு வார்த்த அவிய சொல்லிட்டா வண்டிய எடுத்துருவோம்" என்றது.

எல்லார் கண்ணும் ஆதிலிங்கம் அண்ணாச்சியின் மேல் விழுந்தது. அவர் சொன்னால் பக்கத்து ஊரும் நம்பும். அவர் போனை இரண்டு கையாலும் வாங்கினார். "சார், எடமேட ஆதிலிங்கம். வெயிலுமுத்து கெணத்துல விழுந்துட்..." கண்ணை இறுக்கி மூடினார். விழுந்துட்டான் என்ற அந்தச் சின்ன ஒலியை, எத்தனையோ ஆயிரம் தடவை காற்று மாதிரி வெளியே விட்டதை, அடிவயிற்றிலிருந்து இழுத்தார், எதிர்காற்றில் படகுப்பாயை இழுப்பது போல. "...டு" என்று விழுந்தது. அவர் தன் வாயிலேயே ஓங்கி ஓர் அடி அடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, நீங்களும் அதயே சொல்லுதிய?" என்றது போன். "சரி, வேல முடிஞ்சி சாயந்தரமா வந்து பாக்கோம்."

"வைக்காதிய!" என்று பேச்சித்தாயின் கத்தல். பிறகு, அண்ணாச்சியின் கண்ணுக்கு நேரே, மூச்சு முட்டும் அருகில் அந்த முகம். "அண்ணாச்சி, இங்கனப் பாருங்க. 'நீ' ஒங்களுக்கு வருதுலா?"

"வருது."

"'நான்' வருதா?"

"வருது."

"ரெண்டையும் ஒண்ணா எடுத்தா என்ன வரும்?"

எங்கள் ஊருக்கும் அளத்துக்கும் நடுவில் இரண்டு சொற்கள்தான் புழக்கத்தில் இருந்தன. நாங்க, நீங்க. நாங்க தேரிமுனை, நீங்க அளம். எதிரே நிற்கும் ஆளையும் தன்னோடு சேர்த்து எடுத்துக்கொள்கிற இன்னொரு சொல், வேறு எத்தனையோ மொழிகளுக்குக் கொடுத்துவைக்காத அந்தச் சொல், எங்களிடம் இருக்கத்தான் செய்தது. வீட்டில், கோயிலில், ஊர்க்கூட்டத்தில் தினமும் கைக்கு வருவதுதான். அளத்துப் பக்கம் பார்த்து அதைச் சொன்னவர்கள் யாரும் கிடையாது. நாக்கு வழுக்குவதற்கு முன்னாலும் கிடையாது. இப்போது நினைத்துப் பார்க்கிறேன், விகுதி உதிர்ந்தது அந்தக் காலைப்பொழுதில்தானா, இல்லை அன்றைக்கு எங்களுக்குக் காதில் விழுந்தது, அவ்வளவுதானா?

அண்ணாச்சிக்குச் சொல் கிடைத்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. வாய் திறந்திருந்தது, நாக்கு சுளுவாக அண்ணத்தைத் தொட்டு நின்றது, அதற்கு எந்தத் தடையும் இல்லை. தடை வேறெங்கோ இருந்தது. அவர் சுற்றிலும் பார்த்தார். பால்துரை நின்றார், லாரிக்காரர்கள் நின்றார்கள், சொர்ணம் மதினி தூக்குவாளியோடு நின்றார், ஊரே நின்றது. சொல்லிவிட்டால் திரும்ப எடுக்க முடியாத சொல் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தூரத்தில், கிணற்றங்கரையில் வேறு யாரோ கேட்பது காதில் விழுந்தது, "இருக்கியளா?" பதில் கேட்கவில்லை. எவ்வளவு தூரம் அது, கேட்டிருக்கவும் முடியாது. ஆனாலும் எல்லாரும் காதைக் கொடுத்தோம்.

"சார்," என்றார் அண்ணாச்சி. "நாம கெணத்துக்குள்ள கெடக்கோம்."

"என்னது?"

"நாமதான்வே. விழுந்து கெடக்கோம். வாருமய்யா சீக்கிரம்!"

"ஐயையோ! எத்தன பேரு அண்ணாச்சி?"

அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். எண்ணுகிற மாதிரி உதடு அசைந்தது. "எல்லாரும்," என்றார்.

ஊர் முழுக்கக் கிணற்றில் விழுந்துவிட்டது என்று இருந்த வண்டியெல்லாம் வந்தது; மூன்று ஊர் ஆம்புலன்ஸ் வந்தது; முகமூடி போட்டவர்கள் இறங்கினார்கள். வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்த ஓர் உடம்பைக் கட்டிலில் கட்டி மேலே தூக்கினார்கள். மூச்சு இருந்தது. ஒரு கால் ஒடிந்திருந்தது. தீயணைப்பு அதிகாரி கிணற்றுக்குள் மறுபடி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மத்தவங்கள்லாம் எங்க அண்ணாச்சி?" என்று கேட்டார். அண்ணாச்சி கரையில் நின்ற எங்களைத் திரும்பிப் பார்த்தார். பொய்த் தகவல் என்று எழுதுவதா வேண்டாமா என்று குழம்பி, அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, எதுவும் எழுதாமல் போய்விட்டார்.

நாக்கு சரியாகிவிட்டதா என்று கேட்கிறீர்கள். தெரியவில்லை. கிணற்றங்கரையிலிருந்து திரும்பிய நாள்முதல் ஊர் வாக்கியங்களைப் பாதியில் விட ஆரம்பித்தது. "ஆஸ்பத்திரியில வெயிலுமுத்து எப்பிடி?" "எந்திச்சி உக்காந்..." "கஞ்சி?" "குடிச்..." கடைசி எழுத்து வருகிற நேரத்தில் எல்லாருக்கும் இருமல் வந்தது. குடிச்சாச்சு, வந்தாச்சு என்று, யாரையும் மனிதனென்றோ மாடென்றோ சொல்லாத வினைகளைத் தேடிப்பிடித்து ஓட்டினார்கள். இது குணமாகும் அறிகுறி என்றார் டாக்டர். புது நோய் என்றார் ஜெயசீலி டீச்சர். தண்ணீர்ப்பானை வெளியே வந்தது. கொட்டகையில் மூட்டைகள் அப்படியே இருந்தன. அளத்தில் பாதிச் சனம் முன்னோக்கி நடந்தது, பாதி இன்னும் பின்னோக்கி. எதை நம்புவது என்று அங்கேயும் குழப்பம் இருந்திருக்கும்.

அடுத்த மேல்காற்றுக் காலத்தில் ஒரு காலை. உப்பு லாரி ஒன்று எடைமேடையில் ஏறி நின்றது. வெயிலில் கண் கூசியது. மூட்டைகளின் உச்சியில் ஏதோ அசைந்தது. அண்ணாச்சி கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"யாரது?"

"நாந்தான் அண்ணாச்சி. பெழச்சி வந்துட்டேன். இனி ஒங்க காதுக்குக் கேடு."

அண்ணாச்சி எடைப்பெட்டிக்குப் போகவில்லை. "எறங்குவே," என்றார்.

"காலு முன்ன மாதிரி இல்ல அண்ணாச்சி. அப்பிடியே போட்டுருங்க. போன வருசம் பூரா அப்பிடித்தான போட்டிய?"

அண்ணாச்சி லாரியை ஒட்டி வந்து நின்றார். தேரி மண் சுழன்று அவர் காலைச் சுற்றிப் போனது. "போன வருசம் பூரா நான் போட்ட எடயெல்லாம் தப்புவே," என்றார். எடைக்கு மறுபேச்சு இல்லாத மனிதர், நான்கு லாரிக்காரர்கள் கேட்க அதைச் சொன்னார். பிறகு ஆபீசுக்குள் போய் ஏணியைத் தூக்கிவந்து லாரியில் சாத்தி, கீழே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஏணியில் எந்த மனிதனும் முதுகைக் காட்டித்தான் இறங்க வேண்டும். வேறு வழி கிடையாது. ஒடிந்து கூடிய கால் முதல் கழியைத் தேடித் துழாவியது. அந்த முதுகு எங்கள் எல்லாருக்கும் எதிரே, சட்டையில்லாமல், உப்பு வரியோடு, மெல்லக் கீழே வந்துகொண்டிருந்தது. "எறங்கியாச்சா?" என்று டிரைவர் முன்பக்கமிருந்து கத்தினான். அண்ணாச்சி ஏணியை விடாமல், "பொறுவே, எறங்கு..." என்று ஏதோ சொல்லி முடித்தார். கடைசி எழுத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது. என் கடைவாசல்வரை வரவில்லை. ஏணி மேலிருந்த காதுக்குக் கேட்டிருக்கலாம். ஏனென்றால் நடுக்கழியில் ஒரு நிமிஷம் எல்லாம் நின்றது, முதுகு, கால், கை, எல்லாம்.

எடைப்பெட்டியில் சிவப்பு எண்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தன. அங்கே என்ன சொல்லப்பட்டது என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

வெயிலுமுத்து இறங்கினார்.